மைப்பெட்டியைத் தள்ளி வைத்த நாள்

செம்மொழி வாங்கியதையெல்லாம் அவள் அக்கா தையல்நாயகி வரிசை மாறாமல் சொல்லுவாள். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் இருக்கும் அவர்கள் காலனியில் முதல் பட்டம். கூடச் சேர்ந்த இரண்டு பெண்கள் பாதியில் நின்றுபோன விடுதியில் தங்கி, முதல் வகுப்பில் எம்.ஏ. இரண்டு தடவை இல்லையென்று சொல்லி மூன்றாம் தடவை கிடைத்த இங்கிலாந்து ஸ்காலர்ஷிப். கறுப்பினப் பிள்ளைகளை அங்கே வகுப்பறையில் எப்படி ஒதுக்குகிறார்கள் என்று நான்கு வருடம் ஆராய்ந்து டாக்டர் பட்டம். இப்போது தஞ்சாவூரில் பேராசிரியர். நிறத்தையும் தெருவையும் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிக்காமல் பாடம் நடத்துவது எப்படி என்று வாத்தியார்களுக்கே வகுப்பு எடுக்கிறாள்.

தையல்நாயகி ஆறாவதோடு நின்று களையெடுக்கப் போனவள். ஆனால் அவளுக்குத் தேதி தப்பாது. தங்கையின் ஆராய்ச்சி இங்கிலாந்தில் தொடங்கியது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

அவள் கணக்கில் அது தொடங்கியபோது செம்மொழிக்கு ஒன்பது வயது. பள்ளியில் அரசு உதவித்தொகைக்குப் பெயர் பதிகிற நாள். அது வந்தால்தான் மேற்கொண்டு படிப்பு, இல்லையென்றால் அக்காவோடு வயலுக்கு என்று அப்பா சொல்லியிருந்தார். அம்மாவுக்குக் களை வேலை இருந்ததால் பதினாறு வயதுத் தையல்நாயகி துணைக்குப் போனாள்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். ஊர்த்தெருப் பிள்ளைகள் பதிவேட்டில் பேனாவால் கையெழுத்துப் போடுவார்கள். காலனிப் பிள்ளைகளுக்கு, எழுதத் தெரிந்தாலும் மைப்பெட்டிதான். தையல்நாயகியும் படித்த காலத்தில் கட்டைவிரலை உருட்டிவிட்டு வந்தவள்தான்.

செம்மொழி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“எனக்கு எழுதத் தெரியும் சார்.”

“ஓஹோ, கலெக்டரம்மா!” வாத்தியார் சிரித்தார். “வைம்மா வெரல. பின்னாடி இருவது பேரு நிக்கிறாங்க.”

“முடியாது சார்.”

“அப்ப பேர அடிச்சிடவா?”

தையல்நாயகி தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து மைப்பெட்டிப் பக்கம் இழுத்தாள். “வச்சுத் தொலைடி. அப்பா என்ன சொன்னாருன்னு தெரியும்ல?”

“நீ வச்சியே, அப்புறம் படிச்சியா?”

பிடி தானாகத் தளர்ந்தது. சுருக்கென்று தைத்த வார்த்தை. ஆனால் அதில் பொய் இல்லை. தையல்நாயகி மைப்பெட்டியை மூடி மேசை ஓரத்துக்குத் தள்ளினாள்.

“பேனாவக் குடுங்க சார்.”

“நீயுமா?”

“இது எழுதத் தெரிஞ்ச புள்ள சார். நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க. குடுக்குற வரைக்கும் நாங்க நகர மாட்டோம்.”

வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். கடைசியில் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மேசையில் போட்டார், கையில் கொடுக்கவில்லை.

செம்மொழி எடுத்துக்கொண்டாள். கட்டத்தைத் தாண்டாமல், நான்கு எழுத்தையும் நிறுத்தி எழுதினாள். அடுத்து நின்றவளும் பேனாவைத்தான் கேட்டாள்.

கையெழுத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்த தேதியைத் தையல்நாயகி இரண்டு முறை வாசித்துக்கொண்டாள். 17.8.1993, செவ்வாய்க்கிழமை.