கொசுறு

ராயபுரம் மார்க்கெட்டில் ஜோஸ்பினிடம் காய் வாங்கினால் எடை குறையாது. கொசுறு மட்டும் கேட்கக் கூடாது. ஒரு கொத்து கறிவேப்பிலைகூடத் தர மாட்டாள். "கொசுறாம், கொசுறு! அந்தப் பேச்சே என்கிட்ட வாணாம்" என்று சிடுசிடுப்பாள். கஞ்சப் பிசினாறி என்று ஊரே சொன்னது. ஊர் வாய்க்கு என்ன, எதையும் சொல்லும்.

விஷயம் வேறு. அண்ணன் பாஸ்கல் பிறந்த கையோடு, யாரும் எதிர்பாராமல் இரட்டையாகப் பின்னாலேயே வந்தவள் அவள். "ஆம்பளப் புள்ளைக்குக் கொசுறா ஒரு பொண்ணு" என்று அப்பா சிரித்தாராம். வீட்டில் அதுவே அவளுக்குப் பட்டப்பெயர் ஆனது. நாற்பது வயது தாண்டியும் அது வலித்தது.

மதியத்தில் கடற்காற்று வந்து கடையின் சாக்குப் படுதாவை மெல்ல ஊதும். துறைமுகத்தில் ஏதோ கப்பல் கூவும். கண் செருகிக்கொண்டு வரும்போது, தராசின் ஒரு தட்டில் தானும் எதிர்த்தட்டில் பாஸ்கலும் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். முள் நேராகத்தான் நிற்கும். ஆனாலும் யாரோ வந்து பாஸ்கலை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போவார்கள்.

அப்படி ஒரு மதியம் ஆஃபியா வந்து எழுப்பினாள். பக்கத்துத் தெருக்காரி, நிறைமாசம். பிள்ளைக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தவள், செல்போனில் இவள் பெயரையும் தட்டிப் பார்த்தாள்.

"அக்கா, உன் பேரு எபிரேயப் பேராம். எங்க யூசுஃப், உங்க சூசை, எல்லாம் ஒண்ணுதானாம். 'இன்னும் ஒண்ணு சேர்த்துத் தருவார்'னு அர்த்தம் போட்டுகீது."

"பேர்லயுமா கொசுறு?" ஜோஸ்பினுக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனவள், கட்டிலில் படுத்திருந்த அம்மா சிலுவையம்மாளிடம் நேராகவே கேட்டாள். "யம்மா, இந்தப் பேர யாரு வெச்சா?"

"நான்தான்." அம்மாவின் பார்வை சன்னலுக்கு வெளியே எங்கோ மிதந்தது. "உங்கப்பா ஆம்பளப் புள்ளதான் வேணுமின்னாரு. சூசையப்பர் முன்னால முட்டி போட்டேன். அவருக்கு ஒண்ணு குடு சாமி, கூடவே எனக்கே எனக்குன்னு ஒரு பொண்ணும் சேர்த்துக் குடுன்னேன். குடுத்தாரு. அதான் அவரு பேரு."

"அப்போ நான் கொசுறு இல்லியா?"

"கொசுறுதாண்டி. கேக்காம எவ கொசுறு குடுப்பா?"

ஜோஸ்பின் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து ஆசைதீர அழுதாள்.

மறுநாள் ஆஃபியா கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு, வழக்கம்போல் எதுவும் கேட்காமல் திரும்பினாள்.

"இன்னாம்மே, நீ பாட்டுக்குப் போய்கினே கீற?" ஒரு கை கொத்தமல்லியை அள்ளி வைத்துக்கொண்டு ஜோஸ்பின் கூப்பிட்டாள். "கொசுறு கேளு."