ஏரிக்கரை அறைக்கு ஒரு கண்ணாடி இழை

பொங்கல் முடிந்த வாரம், செவ்வாய்க்கிழமை காலை தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். தோளில் மடிக்கணினி, மடியில் ஒரு கறுப்புப் பெட்டி. எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி பெட்டியைப் பார்த்துவிட்டு, "தையல் மிஷினாம்மா?" என்று கேட்டார். கண்ணாடி இழைகளை ஒட்டுகிற இயந்திரம் என்றேன். ஒட்டுவதும் தைப்பதும் ஒன்றுதானே என்பதுபோலத் தலையாட்டிவிட்டுச் செங்கல்பட்டு வரை தூங்கினார்.

நான் இணையக் கட்டமைப்புப் பொறியாளர். பெரும்பாலும் அலுவலகக் கட்டடங்களில்தான் வேலை. இந்த முறை அழைத்தவள் என் கல்லூரித் தோழி லதா. ஒரு மருத்துவக் கல்லூரியின் சார்பில் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கி, வயல்வேலை செய்யும் பெண்களின் உடல்நலம், குடிநீர், கழிப்பறை வசதி பற்றி ஆய்வு செய்கிறாள். அந்த ஊரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அங்கே உள்ளவர்கள் என்னிடம் சொன்னவை அப்படிப்பட்டவை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

செங்கல்பட்டிலிருந்து உத்திரமேரூர் முப்பது கிலோமீட்டர் சொச்சம். பாலாற்றில் இந்த ஆண்டு தண்ணீர் இருந்தது. மணல்திட்டுகளுக்கு நடுவே இரண்டு மூன்று ஓடைகளாகப் பிரிந்து வெயிலில் மின்னியது. சாலவாக்கம் தாண்டியதும் இரண்டு பக்கமும் நடவு. குனிந்த முதுகுகள் வரிசையாகப் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. அழகான காட்சி என்று ஜன்னலுக்கு வெளியே கைபேசியை நீட்டிப் படம் எடுத்தேன். ஊருக்குப் போய் இரண்டு நாள் ஆனபின் அதே படத்தைப் பார்த்தபோது என் கண் வேறொன்றைத் தேடியது. அந்தப் படத்தில் எங்கும் ஒரு மரமோ புதரோ மறைவோ இல்லை.

உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்தில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ. குடித்து முடிப்பதற்குள் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டுநர் சேகர், முப்பது வயதிருக்கும். நான் போக வேண்டிய ஊர்க்காரர்தான்.

"லதா மேடம் அனுப்பிச்சாங்க. ஏறுங்க. பொட்டிய நான் புட்ச்சிக்கிறேன்."

பத்துக் கிலோமீட்டர் தூரமும் பேசிக்கொண்டே வந்தார். ஏரி நிரம்பிவிட்டதால் இந்த ஆண்டு நடவு வேலைக்கு ஆள் பற்றவில்லை என்றார். அவர் மனைவி அமுதாவும் நடவுக்குப் போகிறவர்தான்.

"ஆனா அதுக்கு அடிக்கடி ஜுரம் மேடம். மாத்திரை வாங்கித் தரேன், பூடுது. பத்து நாள் கயிச்சி மறுபடி வருது. கேட்டா ஒண்ணும் இல்லேங்குது. ஒரே பேஜாரா கீது."

டாக்டரிடம் போகவில்லையா என்று கேட்டேன்.

"கூப்ட்டா வரமாட்டேங்குது மேடம். இன்னா பண்ண சொல்றீங்க?"

ஊராட்சி அலுவலகத்துக்கு அதிவேகக் கண்ணாடி இழை இணைப்பு ஏற்கெனவே வந்திருந்தது. சோதித்துப் பார்த்தேன். எங்கள் சென்னை அலுவலகத்தில் வரும் அதே வேகம். ஒரு முழுத் திரைப்படம் சில நொடிகளில் இறங்கிவிடும். உள்ளறையில் பெரிய திரையும் கேமராவும் பொருத்தியிருந்தார்கள். நகரத்தில் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும் மெஹர் டாக்டர் இங்கே உள்ள பெண்களிடம் நேருக்கு நேர் பேச வேண்டும். அதுதான் திட்டம்.

இணைப்பு வருவதற்கு முன் லதா தன் கைபேசி மூலமே அதைச் செய்துபார்த்திருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது.

"ஒரு பொண்ணு ரொம்பத் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னா, புவனா. படம் நின்னுடுச்சு. டாக்டர், 'கேக்கல, மறுபடி சொல்லுங்க'ன்னாங்க. சொன்னா. மறுபடி நின்னுச்சு. 'கொஞ்சம் சத்தமா'ன்னாங்க. எந்திரிச்சுப் போயிட்டா. அப்புறம் அவ வரவே இல்ல."

என் தொழிலில் வேகத்தை எண்ணால் சொல்வோம். பதினைந்து ஆண்டாக அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். ஒரு பெண் கூச்சத்தோடு சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் இருப்பதற்கு வேகம் வேண்டும் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன்.

எல்லாம் தயாராக இருந்தது. புதன்கிழமை முழுக்கக் காத்திருந்தோம். ஒரு பெண்கூட வரவில்லை.

மாலையில் நடவு முடிந்து வந்த கன்னியம்மாவை லதா வழியில் நிறுத்தினாள். நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவர் அவர்தான். ஐம்பதை நெருங்கும் வயது, முழங்கால் வரை சேறு. எங்கள் அறையை எட்டிப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார். வாசல் மேடையில் நான்கைந்து ஆண்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்க வந்து குந்திக்கினு இத்தெல்லாம் பேசுவாங்களாம்மா? வெளிய மாமனாரு குந்திக்கினு இருப்பாரு. கொயுந்தனாரு குந்திக்கினு இருப்பாரு. இன்னாத்துக்கு உள்ள போனேன்னு கேட்டா இன்னா சொல்றது?"

லதா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "எனக்கு இது தோணவே இல்லையேக்கா."

"நீ இன்னா பண்ணுவ, ஊருக்குப் புதுசு" என்றார் கன்னியம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ இன்னாமா, காலைலேந்து இங்கயே கீறியே, தண்ணி குட்ச்சியா?"

இல்லை என்றேன். அலுவலகத்துக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அதனால் காலையிலிருந்து பாட்டிலைத் திறக்கவே இல்லை.

கன்னியம்மா சிரித்துவிட்டார். ஏளனச் சிரிப்பில்லை. சொந்தக்காரியைக் கண்டுபிடித்ததுபோன்ற சிரிப்பு. "பாரு, நம்ம கதைதான் உன்குதும். கயனில எறங்கினா சுத்திலும் வெட்டவெளி. அதான் எவளும் தண்ணியே குடிக்கிறதில்ல."

மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவரே வழியும் சொன்னார். ஏரிக்கரையோரம் மகளிர் குழுக் கட்டடம் ஒன்று இருக்கிறது. கழனிக்குப் போகிற வழி. பெண்கள் அங்கே நின்றால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை.

அலுவலகத்திலிருந்து அந்தக் கட்டடம் அரைக் கிலோமீட்டர் இருக்கும். ஊராட்சித் தலைவர் உடனே ஒப்புக்கொண்டார். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் உத்திரமேரூரிலிருந்து வந்த இரண்டு தொழிலாளிகள் கம்பத்துக்குக் கம்பம் ஏறிக் கேபிள் இழுத்தார்கள், திரையையும் கேமராவையும் கொண்டுவந்து மாட்டினார்கள். குழுக் கட்டட வாசலில் ஒரு துணியை விரித்து உட்கார்ந்து முனைகளை ஒட்டினேன். வேலைக்குப் போகிற பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். தலைமயிர் பருமனுள்ள இழையைக் கன்னியம்மாவின் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.

"இதுலயா பேச்சு போவுது?"

"வெளிச்சமா மாறிப் போகுதுக்கா."

"நடுவுல வேற யாராச்சும் கேப்பாங்களா?"

"மாட்டாங்க. எதையும் பதிவு பண்றதும் இல்ல."

"நின்னு நின்னு போவாதே?"

"நிக்காது."

அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, இரண்டு ஒட்டுகளையும் மறுபடி சோதித்தேன். ஒன்று மனதுக்குத் திருப்தியாக இல்லை. வெட்டிவிட்டுப் புதிதாக ஒட்டினேன்.

சனிக்கிழமை நடவு இல்லை. கன்னியம்மா ஆறேழு பெண்களோடு வந்தார். அவர்களுக்குப் பின்னால், முந்தானையைத் தோளில் இறுக்கிக்கொண்டு மெலிந்த பெண் ஒருத்தி. லதா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "அன்னிக்கு எந்திரிச்சுப் போனாளே, இவதான்."

அது அமுதா. சேகரின் மனைவி.

முதலில் அவளைத்தான் உள்ளே அனுப்பினார்கள். திரையில் மெஹர் டாக்டர் கைகூப்பினார். படம் தெளிவாக இருந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஆட்டோவைக் கரையில் நிறுத்திவிட்டுச் சேகர் ஏரியைப் பார்த்து நின்றிருந்தார். கைபேசியில் இணைப்பின் நிலையைக் காட்டும் பச்சைக்கோட்டைப் பார்த்தபடி நானும் நின்றேன். என்னென்னவோ பெரிய அலுவலகங்களுக்கெல்லாம் இணைப்புக் கொடுத்திருக்கிறேன். எந்தக் கோட்டையும் இவ்வளவு பயத்தோடு பார்த்ததில்லை.

அரைமணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. லதா வேகமாக வந்தாள்.

"சேகர், ஆட்டோவ எடுங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். கிட்னி வரைக்கும் சீழ்த்தொற்று போயிருக்கும்னு டாக்டர் சந்தேகப்படறாங்க. அவங்களே அங்க போன் பண்ணிச் சொல்லிட்டாங்க."

மற்ற பெண்கள் காத்திருந்ததால் லதா வர முடியவில்லை. நான் அமுதாவோடு ஏறிக்கொண்டேன். அவள் உடம்பு அனலாகக் கொதித்தது. கண்கள் மட்டும் என்னவோ லேசாகிவிட்டவைபோல இருந்தன.

ஏரிக்கரை தாண்டித் தார்ச்சாலைக்கு வந்ததும் அவள் முன்னால் குனிந்து கணவனிடம் ஏதோ சொன்னாள். ஆட்டோ சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அவருக்கும் கேட்கவில்லை.

"இன்னா?"

மறுபடி சொன்னாள்.

"கேக்கல, சத்தமா சொல்லு!"

"நாள் தள்ளிப் போயிக்கீதுன்னு சொன்னேன்! ரெண்டு மாசம்!"

ஆட்டோ நின்றது. சேகர் எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் நாற்று, நடுவில் வெறும் சாலை.

"இன்னொரு தபா சொல்லு."

அவள் சொன்னாள். சிரித்தாள், அழுதாள். போன ஆண்டு ஒன்று கலைந்துபோயிருக்கிறது. அதனால் இந்த முறை நிச்சயமாகும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று இருந்திருக்கிறாள். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், முதுகுவலி, ஜுரம் எல்லாவற்றையும் அதோடு சேர்த்து விழுங்கிக்கொண்டாள். முகம் மட்டும் தெரிந்த அந்தத் திரை டாக்டரிடம்தான் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னாளாம்.

"கொய்ந்தைக்கு ஒண்ணும் ஆவாதே மேடம்?" என்று சேகர் என்னைக் கேட்டார். நான் டாக்டர் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு முகங்களையும் பார்த்து, "சீக்கிரம் போனா ஒண்ணும் ஆகாது" என்றேன். அவர் வண்டியைக் கிளப்பிய வேகத்தில் எனக்குத்தான் பயம் வந்தது. பள்ளம் வந்த இடங்களில் மட்டும் குழந்தையைத் தூக்கி வைப்பதுபோல மெதுவாக இறக்கி ஏற்றினார்.

அரசு மருத்துவமனையில் தகவல் முன்பே போயிருந்தது. உடனே படுக்கை கொடுத்து ஊசி போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் தாம்பரத்துக்குப் புறப்படும்போது ஜுரம் இறங்கியிருந்தது. ஸ்கேனில் குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருந்ததாம். ஒரு வாரம் கழித்து அவள் வீடு திரும்பியதை லதா தொலைபேசியில் சொன்னாள்.

மாசி மாதக் கடைசியில் மறுபடி போனேன், இணைப்பைச் சரிபார்க்க. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சாலையில் இறங்கி மகளிர் குழுக் கட்டடத்துக்கு நடந்தேன். வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களை வரவேற்பது இப்போது அமுதா. வயிறு லேசாகத் தெரிந்தது. பக்கத்தில் ஒரு தண்ணீர்க்குடம்.

நடந்ததை அவளே சொன்னாள். இவர்கள் நடவுக்குப் போகிற நிலத்துக்காரரின் வீட்டம்மாவும் ஒருநாள் டாக்டரைப் பார்க்க இங்கே வந்திருக்கிறார். அவருக்கும் இதே எரிச்சல்தானாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கன்னியம்மாவோடு பேச்சு வளர்ந்திருக்கிறது. மறுநாளிலிருந்து நிலத்துக்காரரின் பம்புசெட்டுக் கொட்டகையில் பூட்டிக்கிடந்த கழிப்பறை திறந்தே கிடக்கிறது. மற்ற கழனிகளில் இன்னும் எதுவும் இல்லை. "கேட்டுக்கினே கீறோம்" என்றார் அப்போது அங்கே வந்த கன்னியம்மா.

இணைப்பில் குறை ஒன்றும் இல்லை. பகல் இரண்டு மணி தாண்டியிருந்தது. நான் திரைக்குப் பின்னால் ஒயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கன்னியம்மா அறைக்குள் வந்து திரையை உற்றுப் பார்த்தார்.

"இன்னா டாக்டரம்மா, மூஞ்சி வாடிக் கீது? சாப்டியா?"

"இன்னும் ரெண்டு பேர் இருக்காங்களே. பாத்துட்டு சாப்பிடறேன்மா" என்றார் மெஹர் டாக்டர்.

"அவுங்க எங்க பூடப் போறாங்க? இங்கதான் குந்திக்கினு கீறாங்க. நீ மொதல்ல சாப்டு."

டாக்டர் மறுத்துப் பார்த்தார். கன்னியம்மா நகரவில்லை. வாசலில் இருந்த பெண்களும் உள்ளே வந்துவிட்டார்கள். கடைசியில் அவர் மேசைக்குக் கீழிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தார். எலுமிச்சைச் சாதம்.

"தொட்டுக்க ஒண்ணும் எடுத்துக்கினு வரலியா?"

"காலைல நேரமில்லம்மா."

"அடப்பாவமே" என்றாள் அமுதா.

அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் நோயைப் பற்றிப் பேசவில்லை. வீட்டில் யார் சமையல், பிள்ளைகள் எத்தனை, இவ்வளவு கொஞ்சமாகச் சாப்பிட்டால் சாயங்காலம் வரை எப்படித் தாங்கும் என்று கேள்விமேல் கேள்வி. டாக்டர் வாயில் சோற்றோடு சிரித்தார். படம் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

மாலைப் பேருந்துக்கு அமுதாவும் சாலை வரை வந்தாள். "அடுத்த தபா எப்போ மேடம் வருவீங்க?"

இணைப்பு நன்றாக ஓடினால் என்னைப் போன்றவர்களுக்கு அந்த ஊரில் வேலை இல்லை. சென்னையில் என் வேலை முழுக்க, கெட்டுப்போன இடத்துக்கு ஓடுவதுதான். எங்கேயாவது போய் யாரையாவது பார்த்தேன் என்றால் ஏதோ ஒன்று பழுதாகியிருக்கும். பேருந்து பாலாற்றைத் தாண்டும்போது, அந்த ஏரிக்கரைக் கேபிளை ஓர் அணில் கடித்துவைத்தால் தேவலை என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சீ, என்று அந்த நினைப்பைத் துரத்தினேன்.

அமுதாவுக்கு ஆடி கடைசியில் பிரசவம் என்று நாள் கொடுத்திருக்கிறார்கள். குழந்தையைப் பார்க்கப் போவதற்கு எதுவும் கெட்டுப்போக வேண்டியதில்லை.