பௌர்ணமிக்கும் நடை சாத்துவோம்

அடி அண்ணாமலையில் இருக்கும் என் இட்லிக் கடை முன்னால் ஒரு கிளிப்பச்சைப் புடவை கயிற்றில் சுருண்டு கிடக்கும். வெயிலுக்குக் கட்டியது என்று நினைப்பவர்கள்தான் ஜாஸ்தி. அது என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனார் பெண்டாட்டி, தன் பெட்டியிலிருந்து எடுத்து வந்து கட்டியது. சாயம் போய்விட்டது. மாற்ற எனக்கு மனசு வரவில்லை.

கடை வைத்துப் பல வருஷம் நான் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து படுத்த பிறகும் அப்படித்தான். கடைக்குப் பின்னாலேயே வீடு. ஒரு ஈடு இட்லி வேகும் நேரத்துக்குள் உள்ளே ஓடி, அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, வாய் துடைத்துவிட்டுத் திரும்ப ஓடிவருவேன். எனக்கென்று தட்டு வைத்துச் சாப்பிட்டது கிடையாது. உடைந்த இட்லி, தீய்ந்த தோசை, நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வதுதான். கூடமாட வேலைக்கு வந்து எங்களோடே தங்கியிருந்த ஓரகத்தி இதைப் பார்த்துவிட்டு, "ஏங்க்கா, அண்ணாமலையாரே மத்தியானத்துல நடை சாத்திக்கிட்டுப் படுக்குறாரு. நீங்க என்ன, அவருக்கும் மேலயா?" என்பாள். வாய்த்துடுக்கு. மூத்தவள் நான், எனக்கு இவள் சொல்வதா என்று பாத்திரத்தை இன்னும் சத்தமாக வைப்பேன்.

ஒரு பௌர்ணமி அன்று காலையிலிருந்தே கூட்டம் தாங்கவில்லை. மலை சுற்ற வந்த பெரியவர் ஒருவர் என் காபியில் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரையே பார்த்தார். "ஏம்மா, மலையைச் சுத்தினா பாவம் போகும்னாங்க. இந்த உப்புக் காபியிலயே போயிடும் போல இருக்கே!" கடையே சிரித்தது. சர்க்கரை என்று உப்பை அள்ளிப் போட்டிருக்கிறேன். வேறு காபி போடலாம் என்று திரும்பியவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கொதிக்கிற வடைச் சட்டிப் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஓரகத்தி என் புடவையைப் பிடித்து இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் மாவு வாளிமேல் போய் விழுந்தோம்.

எழுந்தவள் முதலில் அடுப்பை அணைத்தாள். உள்ளே போய் அந்தப் பச்சைப் புடவையை எடுத்து வந்து கடை முன்னால் இழுத்துக் கட்டினாள். "நடை சாத்தியாச்சு!"

"பௌர்ணமிக்குக் கோயில்லயே நடை சாத்தலியேம்மா!" என்று வெளியே ஒரு குரல்.

"சாமிக்குச் செய்ய ஆயிரம் பேரு இருக்காங்க. எங்கக்காவுக்கு நான் ஒருத்திதான்."

எனக்கு மானம் போனது போல இருந்தது. புடவையை அவிழ்க்கக் கை நீட்டினேன். அவள் குரலைத் தாழ்த்தி, "அந்தச் சட்டியில விழுந்திருந்தீங்கன்னா, நாளைக்கு மாமாவை யாருக்கா புரட்டிப் போடுவாங்க?" என்றாள்.

நீட்டிய கை நின்றுவிட்டது. அப்படியே உட்கார்ந்தேன். முகம் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தாள். உள்ளங்காலில் நல்லெண்ணெய் தடவினாள். கையில் சூடாக ஒரு காபி. "சர்க்கரைதான். நக்கிப் பார்த்துட்டுதான் போட்டேன்."

அன்றிலிருந்து மத்தியானம் ஆனால் புடவை இறங்கிவிடும். முகம் கழுவல், காலுக்கு எண்ணெய், எனக்கென்று சூடாக ஒரு டம்ளர். வீட்டுக்காரர் கட்டிலோரம் உட்கார்ந்துதான் குடிப்பேன். "நடை சாத்தியாச்சு" என்று கேட்டதுமே அவருக்குப் பேச்சு வராத வாயில் ஒரு சிரிப்பு வரும். எத்தனையோ வருஷம் அவர் பக்கத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தேன். உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான். கடைசிவரை அவரை என் கையாலேயே பார்த்துக்கொண்டேன். அதில் எனக்குக் குறையே இல்லை.

ஓரகத்தி இப்போது வேங்கிக்காலில் மகன் கட்டின வீட்டில் இருக்கிறாள். நடையை நானே சாத்திக்கொள்கிறேன். போன பௌர்ணமி அன்று கால் நீட்டி உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு குரல்: "ஏம்மா, இன்னும் நடை திறக்கலியா? பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்து காலு போச்சு."

அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? "கால்ல எண்ணெய் இன்னும் காயலடி!" என்றேன். புடவையைத் தூக்கவில்லை. அவள் குனிந்து உள்ளே வரும் அளவுக்கு ஓரத்தை மட்டும் விலக்கிப் பிடித்தேன்.