எனிட்டின் ஜாம் பாட்டிலும் கோர்டனின் ஆரஞ்சு மீன்களும்

துரத்திவிட்டார்களா? எனிட்டையா? தூண்டிலில் கட்டும் கண்ட ரப்பர் மீனையெல்லாம் கமிஷனுக்காக ஆம்பிளைகள் தலையில் கட்டினாளாம், கடை முதலாளி கோர்டன் அவளைக் கையும் களவுமாகப் பிடித்தானாம். சலவைக்கடை பெஞ்சில் மார்லீன் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் போர்வை இன்னும் காயவில்லை. ஈரமாகவே கிடக்கட்டும் என்று எழுந்துவிட்டேன்.

"யாருடி சொன்னது? உன் புருஷன் டெரிக்கா?"

"ஊரே சொல்லுது."

"ஊரு அந்தத் திங்கக்கிழமை கடைக்குள்ள இல்ல. நான் இருந்தேன். உன் புருஷனும் இருந்தான். வீட்டுக்குப் போனதும் அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு, 'டீ எப்படி இருந்துச்சு'ன்னு."

மார்லீனுக்குப் புரியவில்லை. புரியாமல் பேசுவதுதானே அவள் வழக்கம். அதனால் முழுசாகவே சொல்கிறேன்.

டிப்டனில் கால்வாயை ஒட்டி இருக்கும் தூண்டில் கடையில் எனிட் டிரான்டர் இருபத்திரண்டு வருஷம் நின்றாள். நம்மூர் ஆம்பிளைகளைத் தெரியுமே. பிடிப்பது என்னவோ சாண் நீள பெர்ச் மீன், இல்லாவிட்டால் வாத்து மூக்கோடு ஒரு பைக் மீன்குஞ்சு. அதற்கு மூன்றடுக்குப் பெட்டி! பச்சை, ஊதா, மினுக்கு, வால் ஆட்டுவது, கண் உருட்டுவது என்று இருநூறு பொம்மை மீன்களை அடுக்கிக்கொண்டு வருவார்கள். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு அலங்காரச் சாமான் கிடையாது.

எனிட் அந்தப் பெட்டிகளை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். தினம் காலையில் கடையின் பின்கதவைத் திறந்து, பன்னிரண்டு படி இறங்கி, ஒரு ஜாம் பாட்டிலில் கால்வாய்த் தண்ணீர் மொண்டு வந்து மேஜைமேல் வைப்பாள். கேட்கிறவனுடைய பொம்மை மீனை நூலில் கட்டி அதற்குள் விடுவாள்.

"தெரியுதா உனக்கு?"

"தெரியல."

"மீனுக்கு மட்டும் தெரியுமா? எடுத்து உள்ள வை."

படகுகள் ஓடித் தண்ணீர் சேறாக இருந்தால், கண்ணைப் பறிக்கிற நிறத்தில், சுழலும் தகடு வைத்தது. பனி விழுந்து படகுகள் நின்று தண்ணீர் தெளிந்துவிட்டால், விரல் நீளத்தில் சாம்பல் நிறக் குட்டி மீன், அவ்வளவுதான். பைக் மீனின் பல்லுக்கு நூல் தாங்காது என்று முன்னால் கொஞ்சம் கம்பி கட்டச் சொல்வாள். ரெண்டுக்குமேல் எவனாவது கேட்டால், "மூணாவது எதுக்கு? தொப்பில குத்திக்கவா?" என்பாள். அவள் சொன்னதை வாங்கிப் போனவன் வெறுங்கையோடு திரும்பி நான் பார்த்ததில்லை.

கோர்டன் ஹிங்லிக்கு இது எப்படி இனிக்கும்? இந்தக் குளிர்காலம் எவனோ ஒரு விற்பனைக்காரன் அவனுக்கு விருந்து வைத்து, வயிற்றில் மணி போட்டு கிலுகிலுக்கும் ஆரஞ்சு மீன்களை மூன்று பெட்டி தள்ளிவிட்டுப் போனான். வந்து இறங்கிய வாரமே பனி. மதகு வேலைக்காகப் படகுகளையும் நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. ஆரஞ்சை யார் தொடுவார்கள்?

டிசம்பர் முதல் ஞாயிறு நமக்கும் பக்கத்து ஊர் ஓல்ட்பரிக்காரர்களுக்கும் மீன்பிடிப் போட்டி. பெர்ச்சும் சின்ன பைக்கும் மட்டும், அதுவும் பொம்மை மீனில்தான் பிடிக்க வேண்டும். சனிக்கிழமை எனிட் முழங்கால் வீங்கி முன்வாசல் வழியாக நொண்டிக்கொண்டு வந்தாள்.

"நீ இறங்காத கண்ணு," என்றான் கோர்டன். "நானே மொண்டு வெச்சுட்டேன்."

பாட்டில் பழுப்பாக இருந்தது. படகு எதையோ ஓட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து, வந்தவனுக்கெல்லாம் ஆரஞ்சு எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கு மட்டும் பின்கதவை அவள் திறக்கவில்லை. அது அவள் தப்பு, அதை நான் மறைக்கவில்லை.

ஞாயிறு நம் பக்கம் ஒரு செதில்கூட ஏறவில்லை.

திங்கள் காலை கடையில் ஹீட்டர் பக்கத்து நாற்காலியில் நான் குளிர்காய்ந்துகொண்டிருந்தேன். எனிட் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிச் சாய்த்தாள். நான் படகிலேயே பிறந்தவள். பள்ளிக்கூடம் தெரியாது, கால்வாய்த் தண்ணீர் தெரியும். ரெண்டு நாள் வைத்தால் சேறு அடியில் படிந்துவிடும். இது மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பு. எனிட் மூடியைத் திறந்து முகர்ந்தாள். விரலை முக்கி நக்கினாள்.

"எத்தன டீப்பை போட்ட கோர்டன்?"

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"வியாபாரம்னா முன்னபின்ன இருக்கும் கண்ணு. இத இதோட விட்டுடு. கிறிஸ்துமஸ் போகட்டும், கடைப் பலகையில என் பேரோட உன் பேரையும் சேர்த்து எழுதறேன். பசங்க வந்தா மீன் கடிக்கலன்னு சொல்லு, போதும்."

ஐம்பத்தெட்டு வயசு, புருஷன் இல்லை, முழங்கால் அப்படி. வேறு எவன் வேலை கொடுப்பான்? வாயைப் பொத்திக்கொண்டால் பலகையில் பேர். எனிட் பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கதவு மணி அடித்தது. டெரிக்கும் இன்னும் ரெண்டு பேரும். டெரிக் ஆரஞ்சு மீன்களை மேஜைமேல் விசிறியடித்தான்.

"ஏம்மா எனிட், இதுக்கு உனக்கு எவ்வளவு குடுத்தாங்க?"

கோர்டன் எனிட்டையே பார்த்தான். நானும்தான்.

"நான் சொன்னது தப்பு டெரிக்," என்றாள். "பாட்டில்ல இருந்தது கால்வாய்த் தண்ணி இல்ல. டீ. பாக்காம சொல்லிட்டேன்."

"டீயா?"

"பொழுதன்னைக்கும் குடிக்கிறியே, பார்த்தா தெரியல?" என்று நான் குறுக்கே விழுந்தேன். "அது போகட்டும், நேத்து கரையில நின்னப்ப தண்ணி எப்படிடா இருந்துச்சு?"

அவன் தலையைச் சொறிந்தான். "தெளிவாத்தான் இருந்துச்சு. அடியில ஒரு சைக்கிள் சக்கரம்கூட தெரிஞ்சுது."

"அப்புறம் எதுக்குடா ஆரஞ்ச கட்டின?"

"எனிட் சொன்னாளே."

போட்டிக்குப் போனது நாற்பது பேர்! கண்ணெதிரே சைக்கிள் சக்கரம் தெரிகிறது, ஒருத்தனாவது பெட்டியில் கையை விட்டு ஒரு சாம்பல் மீனை எடுத்திருப்பானா? அந்த இருநூறும் பிறகு எதற்காம்? வீட்டில் போய் டீயிடம் ஏமாந்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, கமிஷன் என்று கதை கட்டினான் உன் டெரிக்.

ஆனால் "எனிட் சொன்னாளே" என்று அவன் சொன்னதும் அவள் கை நின்றுவிட்டது. கண்ணை நம்பாமல் அவள் வாயைத்தானே நம்பியிருக்கிறார்கள். கோட்டை மாட்டினாள். கோர்டனின் கோப்பையை இழுத்து, பாட்டிலில் இருந்ததை அதில் ஊற்றினாள்.

"உன் டீ ஆறிப்போச்சு கோர்டன்."

"எனிட், யோசிச்சுச் செய் கண்ணு. பலகை..."

"உன் பேரே இருக்கட்டும்."

காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தாள். வீங்கின காலோடு, பக்கவாட்டில் திரும்பி, பன்னிரண்டு படியையும் ஒவ்வொன்றாக இறங்கினாள். தாங்கிப் பிடிக்க ஒருத்தனும் நகரவில்லை, சிரிக்கவும் தைரியம் வரவில்லை.

"யாராவது கதவச் சாத்துங்கப்பா, குளிருது," என்றான் கோர்டன்.

நான் எழுந்து ஹீட்டரையும் அணைத்துவிட்டு வந்தேன்.