மாமாவின் கையில் இருந்த வளையம்

எங்கள் ஸ்வெட்ரு ஊரில் சாவது சுலபம். புதைக்கப்படுவதற்குத்தான் தகுதி வேண்டும். படம் போட்டு நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் ஒட்ட வேண்டும். பெயருக்கு முன்னால் ஏதாவது ஒரு பட்டம் பளபளக்க வேண்டும். என் தாய்மாமா கோபினா ஓட்டூவுக்கு அப்படி எதுவும் இல்லை. அதனால் எழுபது வயதில் செத்த மனுஷர் ஏழு வாரமாகப் பிணவறைக் குளிரில் கிடந்தார்.

கிடத்தியவர் எங்கள் குலத்தலைவர் எக்கோ, என் பெரியம்மா மகன். அதற்கு முந்தின மாதம் எதிர்வீட்டார் ஒரு ஓய்வுபெற்ற போலீஸ்காரரை பியூகிள் கொம்பு ஊதிப் புதைத்ததிலிருந்து அண்ணனுக்குக் கிழங்கை இடித்து உருட்டிய ஃபூஃபூகூடத் தொண்டையில் இறங்கவில்லை.

"மாமா பர்மா சண்டைக்குப் போனவருடா. சார்ஜெண்டுனு போடணும், துப்பாக்கி மரியாதை வேணும். ஆதாரத்தக் கொண்டா வாத்தியாரே. அதுவரைக்கும் புதைக்கிற பேச்சே எடுக்காதீங்க."

நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவன். ஆகவே சொந்த மாமாவின் சரித்திரம் எனக்குத் தெரியாதது இயற்கைதான். அவரும் சொன்னதில்லை. இருபத்திரண்டு வயதில் கப்பலேறினார், மூன்று வருஷம் கழித்துத் திரும்பினார், வந்ததும் இரண்டு சக்கரத்தில் ஒரு தள்ளுவண்டி செய்தார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

அந்த வண்டியால் அவர் மானம் போனது. குழாயடிக்கு அவரே போவார். மனைவியோ மகள் அராபாவோ தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தூக்க விடமாட்டார். விறகும் கிழங்கும் வண்டியில்தான். வழியில் போகிற ஊரார் பெண்டுகளின் அண்டாவையும் கேட்காமலே இறக்கி வண்டியில் வைத்துக்கொண்டு போவார். அவர்கள் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி வெறுங்கையோடு நடப்பார்கள். கொளுத்தும் வெயிலிலும் தொப்பி போடமாட்டார். பட்டாளம் மூளையைக் குழப்பிவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது. நானும் சின்ன வயதில் "வண்டிமாடு, வண்டிமாடு" என்று அவர் பின்னால் கத்திக்கொண்டு ஓடியிருக்கிறேன். அவர் திரும்பிப் பார்த்ததே இல்லை.

ஆதாரம் என்று இருந்தது ஒரே ஒரு போட்டோ. சீருடையில் ஆறு பேர் வரிசையாக நிற்கிறார்கள். ஐந்து பேர் தலையில் தொப்பி, மாமா மட்டும் வெறுந்தலை. கையில் வளையமாக ஏதோ ஒன்று. அதைப் பற்றிக் குலத்து ஆண்கள் மூன்று நாள் பனங்கள்ளோடு ஆராய்ச்சி செய்தார்கள். கண்ணிவெடி என்றார் ஒருவர். சுருட்டிய தோட்டா பெல்ட் என்றேன் நான், சரித்திர ஆசிரியன் என்ற முறையில். என் கட்சிதான் ஜெயித்தது.

போட்டோவை எடுத்துக்கொண்டு தலைநகர் அக்ராவில் இருந்த முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்குப் போனேன். நான் கூப்பிடாமலே அராபாவும் பஸ் ஏறினாள். எங்கள் வழக்கத்தில் ஒரு ஆணின் சாவு அவருடைய அக்கா தங்கை பிள்ளைகளின் பொறுப்பு. பெற்ற மகளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அங்கே ஒரு கிழவர், ஒரு கால் விந்தி நடப்பவர், படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"துப்பாக்கி எங்க தம்பி?"

"கையில தோட்டா பெல்ட் இருக்கு பாருங்க ஐயா. சார்ஜெண்டுங்களுக்கு..."

"அது சும்மாடு அத்தான்," என்றாள் அராபா. "துணியச் சுருட்டின சும்மாடு. பொறந்ததுலேருந்து ஊருல எல்லாப் பொம்பள தலையிலயும் பாக்குறீங்க."

"தெரிஞ்சா முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"யாரு கேட்டீங்க?"

கிழவர் ஒரு பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து விரலை வைத்தார். கோபினா ஓட்டூ, சுமைதூக்கி.

"வண்டி போகாத காடு அது. குதிரையும் கெடையாது, கழுதையும் கெடையாது. அரிசி, குண்டு, பெட்டி எல்லாம் இவங்க தலைமேலதான் வந்துச்சு. துப்பாக்கி எங்களுக்கு, சும்மாடு அவங்களுக்கு. என் கால்ல குண்டு பட்டப்போ என்னையும் அப்படித்தான் மூணு நாள் சுமந்தாங்க. என்னத் தூக்கின நாலு பேர்ல ஒருத்தன் வழியிலேயே கழுத்து மடங்கி விழுந்து செத்துட்டான். அவன் பேரு கூட எனக்குத் தெரியாது."

திரும்பி வரும்போது அராபா ஒன்றே ஒன்று சொன்னாள். "பட்டம் வேணாம் அத்தான். அப்பாவ யாரு தலையிலயும் ஏத்த வேணாம். அது போதும்."

எக்கோ அண்ணன் செய்தியைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். "சுமைதூக்கியா? எதிர்வீட்டுக்காரன் சிரிக்க மாட்டான்? வெளிய மூச்சு விடாதீங்க. 'போக்குவரத்து அதிகாரி'னு போட்டுக்கலாம்."

ஒரே மூச்சில் மாமாவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பட்டாளம் மூன்று வருஷத்தில் கொடுக்காததை அண்ணன் மூன்று விநாடியில் கொடுத்தார். பெட்டியைத் தலையில் ஏற்ற வேண்டாம் என்ற விஷயத்தில் மட்டும் அசையவில்லை. சவப்பெட்டியைத் தலையில் வைத்து ஆடுகிற ஆறு பேருக்கு அக்ராவில் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. "பெத்த புள்ளைக்கு இதுல பேச்சில்லம்மா," என்றார் அராபாவிடம். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குப் பேச்சு உண்டு. வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை அந்த ஆறு பேர் வெள்ளுடையில் வந்து வாசலில் வரிசையாக நின்றார்கள். இருபது வயது, இருபத்திரண்டு வயது. ஒவ்வொருவர் கையிலும் புத்தம்புதுச் சும்மாடு. அந்தப் போட்டோவே எழுந்து வந்து நின்றது.

"அராபா, வண்டிய எடுத்துட்டு வா," என்றேன்.

"டேய், ஊரு என்ன சொல்லும்?" என்றார் அண்ணன்.

"வண்டிமாடுனு சொல்லும்ணே. அவருக்குப் பழக்கம்தான்."

அவள் விடியும் முன்பே அச்சுக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தாள். பெட்டியை ஏற்றினோம். ஆறு பேரில் மூத்தவன் சும்மாட்டைப் பையில் செருகிக்கொண்டு, "நாங்க தள்ளுறோம் சார்," என்றான். "வேணாம்ப்பா, இன்னிக்கு என் முறை," என்று நானே கைப்பிடியைப் பிடித்தேன். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. அழுகையும் வந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க நேரமில்லை.

குழாயடியில் அண்டாவோடு நின்ற ஒருத்தி எங்களைப் பார்த்துவிட்டு வந்தாள். அண்டாவைத் தலையிலிருந்து இறக்கி, பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு வெறுங்கையோடு வண்டிக்குப் பின்னால் நடந்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.