ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

மல்லேஸ்வரத்துப் பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்கள் சாப்பாட்டை விசாரிப்பதில்லை. "பி.பி. எஷ்டு சார்?" என்பார்கள். எவ்வளவு என்று எண்ணைச் சொல்ல வேண்டும். பெங்களூருக்கு வந்த புதிதில் என்னிடம் சொல்லத் தகுந்த எண் இல்லை. சற்றுக் கூனியே நடப்பேன். எங்கள் குடியாத்தத்தில் ரத்தக் கொதிப்பு இரண்டு பேருக்குத்தான் இருந்தது: அரிசி ஆலை முதலாளிக்கும் தாசில்தாருக்கும். ஆகவே நாற்பத்தைந்து வயதில் டாக்டர் எனக்கும் இருப்பதாகச் சொன்னபோது, அலுவலகம் தராத பதவி உயர்வை உடம்பு தந்துவிட்டதாக நினைத்தேன்.

ஊறுகாயை நிறுத்தச் சொன்னார். அக்கா ஊரிலிருந்து அனுப்பிய எலுமிச்சை ஊறுகாயும் மோர்மிளகாயும், ஸ்ரீராம்புரத்திலிருந்து வீட்டு வேலைக்கு வரும் செல்வியிடம் போயின. எங்கள் தாராள மனதை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

ஒருநாள் பாத்திரம் துலக்கும்போது செல்வி சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். நான் புதிதாக வாங்கிய பி.பி. கருவியை அவள் கையில் கட்டினேன். என்னுடையதைவிட மிக அதிகம்.

"மிசின் ரிப்பேரு சார். குந்திக்கினே வேலை செய்றவங்களுக்குத்தான் பி.பி. வரும். நான் நாலு வூடு பெருக்குறேன்."

ஆஸ்பத்திரியிலும் பி.பி. அதிகம் என்றே சொல்லி, தினம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். என் பங்கு உப்பு பத்திரமாக ஸ்ரீராம்புரம் போய்ச் சேர்ந்திருந்தது. மாத்திரை அட்டையைச் செல்வி எங்கள் சமையலறையிலேயே வைத்தாள்.

"இங்கியே இருக்கட்டும் சார். எங்க சந்துல தெரிஞ்சா மத்த மூணு வூட்டுக்கும் சேதி போயிடும். சீக்காளின்னு நிறுத்திடுவாங்க."

ஞாயிறு அவளுக்கு விடுமுறை. சனிக்கிழமையே ஒரு மாத்திரையைக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போவாள். ஒரு சனிக்கிழமை மறந்துவிட்டாள். மறுநாள் காலை, தண்டவாளத்தைத் தாண்டி நானே கொண்டுபோனேன். குழாயடியில் நின்ற பெண்ணிடம் என் கன்னடத்தில் வழி கேட்டேன்.

"தமிழ்லயே கேளு சார், மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. ஏ செல்வீ, உங்க சாரு வந்துகிறாரு! ஞாயித்திக்கெழமகூட வேலையா சார்?"

செல்வி எட்டிப் பார்த்து வெளிறினாள். சந்து முழுக்கக் காதுகள்.

"வீட்டுக்கு விருந்தாளிங்க வர்றாங்க" என்றேன்.

"ஒரு நாளு ரெஸ்ட் உடறானுங்களா பாரு" என்று எனக்குக் கேட்கும்படியே குழாயடியில் சொன்னார்கள். அந்தப் பழியை நானே வாங்கிக்கொண்டேன்.

செல்வி என்னோடு நடந்தாள். தண்டவாளத்தருகே, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, நான் கொடுத்த மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்கினாள்.

"ஒடனே திரும்பிப் போனா சந்தேகப்படுவாங்க சார்."

எங்கள் வீட்டிலோ விருந்தாளி யாருமில்லை. அங்கே அவளுக்கு வேலையும் இல்லை. ஒரு சரக்கு வண்டி வந்தது. அது நிதானமாகப் போய் முடியும்வரை, எந்தப் பக்கமும் நகராமல் இருவரும் நின்றோம்.