அம்சாவின் படகும் மூன்று மணி ஆய்வும்

அம்சா செய்த ஒரே தப்பு, மேலிடம் சொன்னதைக் கேட்டது. ஐம்பத்திரண்டு வயதில் அவள் அந்தத் தப்பைச் செய்தது அதுதான் முதல் தடவை.

மரக்காணத்து உப்பங்கழியில் நிற்கும் படகுகளையெல்லாம் கரையேற்றி, எண் எழுதி, ஆய்வுக்குத் தயாராக வைக்க வேண்டும் என்று மாசிக் கடைசியில் மீன்வளத் துறையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஆய்வன்று மிதக்காத படகுக்குப் பதிவு ரத்து. அது நிற்கும் இடமும் போய்விடும். அந்த இடத்தில் உல்லாசப் படகுத்துறை வரப்போவதாகப் பலகைகூட நட்டாகிவிட்டது. அம்சா தன் சின்னப் பாய்மரப் படகை இழுத்துக் கரையில் போட்டாள். அதிகாரி வரவில்லை. நாற்பது நாள் வெயிலில் பலகைகள் சுருங்கின. படகுக்குள் உட்கார்ந்தால் இடுக்கு வழியே வெளியே ஓடும் நண்டு தெரிந்தது. ஃபைபர் படகுகளுக்கு ஒரு குறையும் இல்லை. சுற்றறிக்கை எழுதியவருக்கு மரம் என்றால் மேசைதான். மேசை மிதக்க வேண்டியதில்லையே.

நாளை மூன்று மணிக்கு ஆய்வு என்று ஒருநாள் திடீரென்று கடிதம் வந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கழியில் தண்ணீர் வற்றியதும், அம்சா படகைச் சேற்றின் விளிம்புவரை தள்ளிச் சாய்த்துப் போட்டாள். பகல் ஒரு மணிக்குத் தண்ணீர் திரும்ப ஏறும். அதற்குள் முடிக்க வேண்டும். இடுக்கு இடுக்காகப் பருத்தித் திரியை உளியால் அடித்து இறக்கி, மேலே குங்கிலியப் பிசினும் எண்ணெயும் காய்ச்சிய பசையை இழுத்துப் பூசினாள். பத்தரை மணிக்குப் படகை நிமிர்த்தி, குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து உள்ளே கொட்ட ஆரம்பித்தாள்.

ஃபைபர் படகு வைத்திருக்கும் சேட்டு சிரித்தான். "இன்னாக்கா, ஆபீசரு வர்றதுக்குள்ள நீயே முழுகடிச்சிக்கினு கீற?"

"டேய் சேட்டு, காஞ்ச மரம் தண்ணி குடிச்சாத்தான் உப்பும். உன் பிளாஸ்டிக்கு பக்கெட்டுக்கு அந்தப் பேஜாரு இல்ல. போ, உன் வேலையப் பாரு."

தண்ணீர் ஏறி வந்தது. படகு விளிம்புவரை தண்ணீரோடு கழியில் கிடந்தது. விழுப்புரத்திலிருந்து வந்த அதிகாரி அரிபிரசாத் மூன்று மணிக்கு வரவில்லை. ஆச்சரியமாக, இரண்டே முக்காலுக்கே வந்துவிட்டார். படகைப் பார்த்தார், படிவத்தைத் திறந்தார்.

"மூழ்கிய நிலை," என்றார், எழுதிக்கொண்டே.

"கைய நிறுத்து சார். உன் கடிதாசில மூணு மணின்னுதான போட்டிருக்கு? கால் மணி நேரம் என்னுது."

அம்சா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, பெயிண்ட் டப்பாவால் இறைக்கத் தொடங்கினாள். சேட்டும் வாளியோடு இறங்கினான். படகு விரல் விரலாக எழுந்தது. மூன்றாக இரண்டு நிமிடம் இருக்கும்போது அடிப்பலகை தெரிந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் வியர்வை மாதிரி கசிவு.

"கசியுதேம்மா," என்றார் அரிபிரசாத், சற்று நிம்மதியோடு.

"ஏறிப் பாரு சார். கரையில நின்னுக்கினு இன்னா தெரியும்?"

ஏறாவிட்டால் ஊரே சிரிக்கும். ஏறினார். அம்சா பாயை அவிழ்த்தாள். கடல்காற்று பிடித்த வேகத்தில் படகு நடுக்கழிக்குப் போய்விட்டது. அதிகாரி ஒரு கையால் விளிம்பையும் மறுகையால் படிவத்தையும் பிடித்துக்கொண்டார்.

"போதும்மா. திருப்புங்க."

"எழுது சார், திருப்புறேன். நீ ஒக்காந்துக்கினு கீறது முழுகின படகுன்னா, திருப்பி மட்டும் இன்னா பண்றது?"

அரிபிரசாத் 'மூழ்கிய' என்பதை அடித்து 'மிதக்கும்' என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் இட்டார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"இன்ஜின் எத்தனை குதிரைத்திறன்?"

"காத்துன்னு போடு."

"அப்படிப் போடக் கூடாதும்மா. நம்பர்தான் வேணும்."

"அப்போ காத்தக் கேட்டு எழுது. எனக்கு இன்னா அவசரம்?" என்று அம்சா பாயை இன்னும் இழுத்துக் கட்டினாள்.